அடியெடுத்துக் கொடுத்தால் வந்துவிடும்

பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள்: 100 ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம்?

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைக் கேட்டுப் பார்த்தேன். மொய் எழுதும் மேசையில் காலையிலிருந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம்தான் முதலில் கேட்டேன். "கோட்டை மாதிரி இருக்கும்ல?" என்றார். பக்கத்தில் இருந்தவர் கோயில் என்றார். இன்னொருவர் காந்தி என்றார். அவர் முன்பக்கத்தில் இருப்பவர். வெளிர் ஊதா நிறம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2018இல் வெளிவந்த அந்த நோட்டில் இருப்பது குஜராத்தின் பாட்டன் நகரத்து 'ராணி கி வாவ்' படிக்கிணறு. இடது ஓரத்தில் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கும். தமிழ் கீழிருந்து மூன்றாவது வரி. சித்தப்பா நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா எண்றேன், மறந்து போச்சே" என்றார்.

அவர் மறக்கவில்லை. உள்ளே போயிருந்தால்தானே மறப்பதற்கு? நோட்டைக் கையில் வாங்கும்போது நமக்கு வேண்டியது நிறமும் எண்ணும்தான். கண் அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. 1979இல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சென்ட் நாணயத்தை 15 விதமாக வரைந்து, எது சரி என்று அமெரிக்கர்களிடமே கேட்டார்கள். சரியானதைக் காட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. போனில் பேசிக்கொண்டே வைத்த சாவி, பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் வரும் சந்தேகம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பூட்டியது கை. மனம் வேறெங்கோ இருந்தது. நினைவு என்று ஒன்று அங்கே உருவாகவே இல்லை.

ஆக, மறதி என்று நாம் ஒரே சொல்லில் அடைப்பதற்குள் வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. உள்ளே போகாதது ஒன்று. போய்த் தங்காதது ஒன்று. தங்கியிருந்தும் கூப்பிட்டால் வராதது ஒன்று. தமிழ் இதைப் பேச்சிலேயே வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 'ஞாபகம் வருது' என்கிறோம், 'மறந்து போச்சு' என்கிறோம். வருவதும் போவதும் அதன் வேலை. நாம் வாசலில் நிற்கிறோம், அவ்வளவுதான். 'எனக்கு ஞாபகம் வருது' என்னும்போது 'நான்' அந்த வாக்கியத்தில் எழுவாய்கூட இல்லை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முடிந்ததே பெரும்பாலும் ஒரு மனிதரால்தான். ஹென்றி மொலைசன், 1926இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே வலிப்பு, வளர வளரக் கடுமையாகி, எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் போனது. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரண்டு பக்கத்திலும் காதுக்கு நேர் உள்ளே இருக்கும் பகுதியை எடுத்தார். ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அதோடு போயிற்று. கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் வந்த கிரேக்கப் பெயர் அது. இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் அளவு உறுப்புதான். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் ஹென்றிக்குப் புதிதாக எதுவும் தங்கவில்லை.

கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து அவரைச் சோதிக்க வந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் 584 என்ற எண்ணைச் சொல்லி, நினைவில் வைத்திருக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கேட்டால், ஹென்றி சரியாகச் சொன்னார்! எப்படி? அவரே விளக்கினார்: 5, 8, 4 கூட்டினால் 17, எட்டை நினைவில் வை, 17இல் எட்டு போனால் 9, ஒன்பதை இரண்டாகப் பிரித்தால் 5, 4, ஆக 584. கால் மணி நேரமும் இந்தக் கணக்கை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பி ஒரு நிமிடம் ஆனதும் எண்ணும் போயிற்று, எண் ஒன்றைக் கொடுத்தார்கள் என்பதும் போயிற்று.

நாம் கடையில் கேட்ட மொபைல் எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வீடு வரை வருகிறோமே, அதே வேலைதான். உள்ளங்கையில் ஏந்திய தண்ணீர் மாதிரி. ஏந்தியிருக்கும் வரை இருக்கும். ஒரே நேரத்தில் ஏந்த முடிந்ததும் கொஞ்சம்தான். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு, கூடக்குறைய இரண்டு என்றார். பின்னால் வந்தவர்கள், சேர்த்துக் கட்டும் உத்திகளைக் கழித்துவிட்டால் நான்குதான் தேறும் என்கிறார்கள். பத்து இலக்க எண்ணை நாம் ஐந்து ஐந்தாகவோ மூன்று மூன்று நான்காகவோ கட்டித்தான் வைத்திருக்கிறோம். உங்கள் எண்ணையே யாராவது வேறு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும், யாருடைய எண்ணோ மாதிரி இருக்கும்.

ஹென்றிக்கு ஏந்தும் கை நன்றாகவே இருந்தது. ஊற்றி வைக்கும் குடம்தான் இல்லை. அதற்காகப் பழையது அழிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. சிறுவயதுக் கதைகள், பெற்றோர், ஊர் எல்லாம் இருந்தன. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகள்தான் கலங்கியிருந்தன. இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. ஹிப்போகேம்பஸ் நினைவுகளின் கிடங்கு அல்ல. அவற்றை மூளையின் மேற்பரப்பில் பதியவைக்கும் இடம், சில காலம் கட்டிப் பிடித்திருக்கும் இடம். நன்றாகக் காய்ந்த பிறகு அதன் துணை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை; அண்மையில் பதிந்ததுதான் அதை நம்பி நிற்கிறது.

'காய்வது' என்றால் என்ன என்பதை எரிக் காண்டெல் அப்ளிசியா என்ற கடல் நத்தையில் பார்த்தார். மொத்தமே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட பிராணி. சற்று நேரம் மட்டும் நிற்கும் நினைவுக்கு, ஏற்கெனவே உள்ள நரம்பிணைப்புகள் கொஞ்சம் வலுப்பெற்றால் போதும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் நரம்பணுவின் உட்கரு வரை செய்தி போய், புதுப் புரதம் உருவாகி, புது இணைப்பு முளைக்க வேண்டும். 2000இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புது இணைப்பு முளைப்பது கட்டட வேலை, நேரம் பிடிக்கும். தூக்கத்தில் நிறைய நடக்கும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுக்கக் கண்விழிப்பவர்கள் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செங்கல்லை மட்டும் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹென்றி காட்டிய இன்னொன்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு நடுவே பென்சில் ஓட்டச் சொன்னார் மில்னர். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கம் ஓடும். மூன்று நாளில் ஹென்றி கைதேர்ந்துவிட்டார். ஆனால் மூன்றாம் நாளும் அந்த வேலையை முன்பு செய்ததாக அவருக்குத் தெரியாது. கை கற்றுக்கொண்டிருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை.

இதை நம் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். எங்கள் அம்மாவிடம் ஒரு பழைய சிக்குக் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால், "இரு" என்பார். ஆள்காட்டி விரல் காற்றில் ஓடும், உதடு லேசாக அசையும், அப்புறம்தான் "15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை" என்று வரும். எண் அவருக்கு நினைவில் இல்லை. விரலுக்கு இருக்கிறது, விரலிடம் கேட்டுச் சொல்கிறார். ஏ.டி.எம். ரகசிய எண்ணும் பலருக்கு இப்படித்தான். வாயால் சொல்லச் சொன்னால் திணறுவார்கள், பொத்தான் முன்னால் நின்றால் கை போட்டுவிடும். கற்றவை எல்லாம் ஒரே பெட்டியில் இல்லை என்பதை ஹென்றி 2008இல் இறக்கும் வரை, 55 ஆண்டுகள், மருத்துவ உலகத்துக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் வெறும் 'எச்.எம்.'தான், முழுப் பெயர் மரணத்துக்குப் பின்தான் வெளியே வந்தது. மறு ஆண்டு அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாகச் சீவி வைத்தார்கள்.

சரி, மொலைசனுக்குக் கருவியே இல்லை. கருவி உள்ள நமக்கு ஏன் மறக்கிறது?

பயிற்சி மையங்களின் சுவரொட்டிகளிலும் வாட்ஸாப்பிலும் ஒரு வரி சுற்றும்: 'படித்ததில் 70 சதவீதம் 24 மணி நேரத்தில் மறந்துவிடும்'. இதன் மூலவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவர் சோதித்தது ஒரே ஒரு ஆளை, தன்னையே. மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. 'ஸாப், மேக், துப்' என்பது போல, சுமார் 2,300 அசைகள் செய்துவைத்திருந்தார். ஒரு வரிசையை நெட்டுருப் போட்டுவிட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்து அதையே மறுபடி படிப்பார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவர் அளவுகோல். 1885இல் வெளியிட்ட கணக்குப்படி, 20 நிமிடம் கழித்து 58 சதவீத நேரம் மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. 31 நாள் கழித்து 21.

மிச்சம் 34 என்றால் 66 சதவீதம் மறந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஒரு அசைகூடச் சொந்தமாக நினைவுக்கு வராதபோதும் மறுபடி படிக்க நேரம் குறையலாம். 'சுத்தமாக மறந்துவிட்டது' என்று நாம் கைவிட்டதற்குக்கூடத் தடம் இருக்கிறது என்பதைத்தான் அவர் கணக்கு காட்டுகிறது. அடுத்தது, வளைவின் வடிவம். சரிவு முதல் ஒரு மணி நேரத்தில் செங்குத்து, அப்புறம் படுத்துவிடுகிறது. ஒரு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் இடையே விழுந்தது 13 மட்டும். தப்பிப் பிழைத்தது பிழைத்துக்கொள்கிறது. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே முறையில் திரும்பச் செய்தபோதும் வளைவு கிட்டத்தட்ட அப்படியே வந்தது. ஆனால் அசைகளின் வளைவை எடுத்துப் பொருளுள்ள பாடத்தின் மேல் வைத்து, சதவீதத்தையும் திரித்து, மாணவர்களைப் பயமுறுத்துவது எபிங்ஹாஸுக்குச் செய்யும் அநியாயம்.

தடம் இருந்தும் வராதது ஏன் என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: அடியெடுத்துக் கொடுப்பது. சேக்கிழாருக்குத் தில்லையில் இறைவனே 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும்போது திணறிய பையனுக்கு வாத்தியார் முதல் சொல்லைச் சொன்னதும் மீதி நான்கு வரியும் கடகடவென்று கொட்டும். அந்தப் பையனுக்குச் செய்யுள் மறக்கவில்லை. நுனி கிடைக்கவில்லை.

பழைய புலவர்கள் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அபிராமி அந்தாதியின் முதல் பாட்டில் நான்கு அடிகளும் 'உதிக்கின்ற', 'மதிக்கின்ற', 'துதிக்கின்ற', 'விதிக்கின்ற' என்று தொடங்கும். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை. ஓர் அடியைச் சொன்னதும் அடுத்த அடி எந்த ஓசையில் தொடங்க வேண்டும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். தேட வேண்டிய இடம் ஊர் அளவிலிருந்து தெரு அளவுக்குச் சுருங்கிவிடும். பாட்டு 'துணையே' என்று முடிய, அடுத்தது 'துணையும்' என்று தொடங்கும். நூறு பாட்டும் இப்படி வால் பிடித்து வால் பிடித்துப் போகும். இலக்கண நூல் இதைத் தொடை என்கிறது, தொடுத்தது. ஓலையைப் பார்க்காமல் சொல்ல வேண்டிய காலத்தில் அழகுக்கு மட்டுமா இதைச் செய்திருப்பார்கள்?

அடி கிடைத்தால் வருவதற்கும் கிடைக்காமல் தவிப்பதற்கும் உள்ள தூரத்தை ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் 1975இல் அளந்தார். ஏறத்தாழ 400 பேரிடம் பள்ளிக்கால வகுப்புத் தோழர்களைப் பற்றிக் கேட்டார். படத்தைக் காட்டி 'இவர் உன்னோடு படித்தவரா' என்றால், பள்ளி முடிந்து 35 ஆண்டு ஆனவர்களும் பத்தில் ஒன்பதைச் சரியாகச் சொன்னார்கள். படமில்லாமல் பெயர்களை எழுதச் சொன்னபோது கதை வேறு, சொற்பமே தேறின. பிளஸ் டூ குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். 'இவன்தானே மூணாவது பெஞ்சு' என்பது உடனே வரும். பெயர், தொண்டைக்குழியில் நிற்கும்.

பெயருக்கு என்ன அப்படி ஒரு சாபம்? ஒருவர் தையல்காரர் என்று தெரிந்தால் கத்தரிக்கோல், கழுத்தில் தொங்கும் டேப், தீபாவளிக்கு முன்தினம் கிடைக்காத சட்டை என்று பத்து நுனிகள் கூடவே வரும். அவர் பெயர் செல்வம் என்பதில் தொங்குவதற்கு ஒன்றும் இல்லை. செல்வமாக இருப்பதற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. போதாக்குறைக்கு நமக்கு நாலைந்து செல்வங்களைத் தெரிந்திருக்கும்.

அதுதான் அடுத்த சிக்கல். ஒரே அடியில் பத்துப் பாட்டு தொடங்கினால் எதைப் பாடுவது? வணிக வளாகத்தில் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடும்போது போன வாரம் நிறுத்திய இடமும் அதற்கு முந்தைய வாரத்து இடமும் சேர்ந்து எழுந்து வரும். அழிந்ததால் வந்த குழப்பம் இல்லை, நிறைய இருப்பதால் வந்தது. காலை மாத்திரை போட்டோமா என்பதும் அப்படியே; முந்நூறு காலைகளில் போட்டது தெளிவாக நினைவிருக்கிறது, இன்று காலை எது என்றுதான் தெரியவில்லை. ஞாயிறு முதல் சனி வரை அறை போட்ட மாத்திரைப் பெட்டியை அதனால்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

அடுப்படிக்குப் போய் 'எதுக்கு வந்தேன்?' என்று நிற்பதையும் இதோடு சேர்க்கலாம். அமெரிக்காவில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழு, ஒரு வாசலைத் தாண்டினாலே முந்தைய அறையின் சங்கதி மங்குகிறது என்று 2011இல் எழுதியது. பின்னால் மற்றவர்கள் செய்தபோது, மனம் ஏற்கெனவே இன்னொரு வேலையில் நிரம்பியிருந்தால்தான் அந்த விளைவு தெரிந்தது. எப்படியோ, நம் பாட்டிகள் கண்ட பரிகாரம் சரிதான்: புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நில். நாற்காலியைப் பார்த்ததும் கத்திரிக்கோல் ஞாபகம் வரும்.

இதுவரை நல்ல அடியைப் பற்றிப் பேசினோம். தப்பான அடியைக் கொடுத்தால்? பாட்டே மாறிவிடும்.

எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் கார் மோதும் படத்துண்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலை ஒட்டிச் சொன்னார்கள். 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 32ஐ ஒட்டி. வேகத்தை மதிப்பிடுவதில் தடுமாற்றம் இயல்பு என்று விடலாம். இரண்டாவது சோதனையை அப்படி விட முடியாது. ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'மோதியபோது' என்று சாதாரணமாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். ஒரு சொல் போய் ஒரு கண்ணாடியை உடைத்திருக்கிறது. சாட்சியிடம் முதலில் யார் என்ன வார்த்தையில் கேட்டார் என்பதில் குறுக்கு விசாரணை வக்கீல்கள் குடைவது வெறும் வாய்ஜாலம் இல்லை.

நினைவு கூர்வது கோப்பை எடுத்துப் படிப்பது மாதிரி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். 2000இல் கரீம் நாடர் எலிகளில் காட்டியது இன்னும் ஒருபடி மேலே. நன்றாகக் காய்ந்துவிட்ட பயத்தின் நினைவுகூட, கிளறி வெளியே எடுத்ததும் சற்று நேரம் இளகுகிறது. அந்த நேரத்தில் புரதம் உருவாவதைத் தடுத்தால் நினைவே பலவீனமாகிறது. எடுக்கும்போதெல்லாம் ஈரமாகி, திரும்பக் காய வேண்டியிருக்கிறது. ஈரத்தில் கைரேகை பதியாமல் இருக்குமா?

'எங்கே நின்றேன், யார் சொன்னார்கள், எல்லாம் அப்படியே கண்முன் நிற்கிறது' என்று சத்தியம் செய்யும் நினைவுகளுக்கும் விலக்கு இல்லை. 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம், செய்தியை எப்படி, எங்கே அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார். ஏழு மதிப்பெண்ணுக்கு 11 பேர் பூஜ்யம். ஏழும் வாங்கியவர்கள் 3 பேர். ஆனால் தங்கள் நினைவு சரிதான் என்ற உறுதியில் பலருக்கும் பெரிய குறைவில்லை. அவர்கள் கையெழுத்தையே காட்டியபோதும், பழைய நினைவு யாருக்கும் திரும்பி வரவில்லை. நம் கடற்கரை ஊர்களில் 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் மணி நிமிடத்தோடு ஒரு கதை இருக்கும். அலை வந்தது உண்மை, இழப்பு உண்மை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி சொல்லும் வரிசை மட்டும் ஒத்துப்போகாது. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

இவ்வளவு ஓட்டை உடைசலுக்கு, மறக்கவே மறக்காத மூளை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். சாலமன் ஷெரெஷெவ்ஸ்கிக்கு அது இருந்தது. மாஸ்கோவில் பத்திரிகை நிருபர். காலைக் கூட்டத்தில் ஆசிரியர் சொல்வதைக் குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டிக்கப் போக, அவர் கேட்ட அத்தனையையும் ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். அலெக்ஸாண்டர் லூரியா என்ற உளவியலாளரிடம் அனுப்பினார்கள். லூரியா பல ஆண்டுகள் சோதித்தும் எல்லை தட்டுப்படவில்லை. 15, 16 ஆண்டுகளுக்கு முன் படித்துக் காட்டிய சொல் வரிசையைக்கூட, அன்று லூரியா போட்டிருந்த உடையோடு சேர்த்துச் சொன்னார்.

இந்த ஆளுக்கு முகம் நினைவில் நிற்காது. முகம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பார்; சிரித்தால் ஒன்று, திரும்பினால் ஒன்று. அத்தனையும் தனித்தனியாகப் பதிந்தால் 'இவர்தான் அவர்' என்று எப்படித் தொகுப்பது? கதை படித்தால் ஒவ்வொரு சொல்லும் ஒரு படத்தை எழுப்பி, கதை எங்கே போகிறது என்பது தெரியாமல் போகும். உவமை பிடிபடாது. மேடையில் நினைவு வித்தை காட்டிப் பிழைத்தபோது, நேற்றைய பலகை எண்கள் இன்றைய பலகையின் மேல் வந்து நின்றன. காகிதத்தில் எழுதி எரித்துப் பார்த்தார். கருகிய தாளின் மேலும் எண்கள் தெரிந்ததாம்! மறப்பது என்பது நமக்காக யாரோ ஓசைப்படாமல் செய்துகொண்டிருக்கும் துப்புரவு வேலை. அந்த ஆள் வேலைக்கு வராத வீடு அவருடையது.

நம் அவதானிகளை அவரோடு சேர்க்கக் கூடாது. நாகர்கோவில் கோட்டாற்றின் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். நூறு பேர் மாற்றி மாற்றித் தரும் வேலைகளுக்கு ஒரே அமர்வில் விடை சொல்வது. முதுகில் விழும் மணிகளை எண்ண வேண்டும், மணி அடித்ததைக் கணக்கில் வைக்க வேண்டும், நடுவில் கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் கட்ட வேண்டும். இது பயிற்சி, கட்டுமானம். அமெரிக்காவில் 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சராசரி மாணவன் ஒருவன், 230 மணி நேரத்துக்கு மேல் பழகி, ஏழு இலக்கத்திலிருந்து 79 இலக்கம் வரை ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்லும் நிலைக்கு வந்தான். அவன் ஓட்டக்காரன், எண்களை ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றிக் கட்டிக்கொண்டான். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறில் நின்றுவிட்டான். பழகியது நினைவாற்றல் இல்லை, நுனி கட்டும் வித்தை.

மாணவர்களுக்கு இதில் ஒரே ஒரு சங்கதிதான் சொல்ல வேண்டும், வல்லாரை மாத்திரை விளம்பரங்களை நம்பிக் காசு செலவழிப்பதற்கு முன். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பப் படிக்கவும் இன்னொரு குழுவைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கவும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே மேல்: அவர்கள் நினைவுகூர்ந்தது 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, படித்தவர்கள் 42. 'மக்' அடிப்பவன் கண்ணால் பக்கத்தை மேய்ந்து, தெரிந்த முகமாக இருப்பதால் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறான். தேர்வு அறைக்குள் அந்த முகம் வராது, கேள்விதான் வரும். புத்தகத்தை மூடிவிட்டுத் தேடிப் பழகியவனுக்கு வழி காலிலேயே பதிந்திருக்கும்.

வயதானவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு பயம் உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் 5.7 கோடிப் பேருக்கு, நினைவும் சிந்தனையும் தேய்ந்துபோகும் டிமென்ஷியா இருந்தது. அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். அந்த நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஹிப்போகேம்பஸ் பக்கத்தில். அதனால்தான் நாற்பது வருடத்துக்கு முந்தைய சண்டை வரி வரியாக வரும்போது, சாப்பிட்டு அரை மணி நேரமான காலைப் பலகாரம் இருக்காது. மருத்துவர்கள் பார்ப்பது மறந்ததா என்பதை மட்டும் அல்ல, அடியெடுத்துக் கொடுத்தால் வருகிறதா என்பதையும். சாதாரண மறதிக்காரர் 'அட, ஆமாம்ல' என்பார். பதியும் இடமே கெட்டிருந்தால் எந்த நுனியைக் கொடுத்தாலும் இழுபடாது. அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்பார், கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார், பழகிய தெருவில் வீட்டைத் தேடுவார். அப்படியானால் தள்ளிப் போடாமல் காட்ட வேண்டும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இதே வேடத்தில் வரும்.

எங்கள் பெரியப்பாவை அப்படி ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லி, கடிகாரம் வரையச் சொல்லி, தேதி கேட்டு, ஊர்க்கதை பேசி, பிறகு அந்த ஐந்தையும் கேட்டார். பெரியப்பா நான்கு சொன்னார். ஐந்தாவதுக்கு விட்டத்தைப் பார்த்தார். "ஒரு பூ" என்றார் மருத்துவர். "மல்லி!" என்று பெரியப்பா கிட்டத்தட்டக் கத்தினார். மருத்துவர் சிரித்துக்கொண்டே, அவர் பல வருடமாகத் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைக்க ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு. பேருந்து நிறுத்தம் வரை வந்த பிறகு, "குடை எங்கடா?" என்றார் பெரியப்பா. குடையைக் கொண்டுவந்தது நான். நாற்காலிக்கு அடியில் வைத்தது நான். அவர் சொன்னதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.